பொது வகுப்பா, தனி நேரமா, சங்கத்துக்கு மானியமா? பல இன நகரங்களின் பொழுதுபோக்குத் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

வட அமெரிக்க நகரங்களின் சமூக மையக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தமிழர்கள் பலரிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. நகராட்சி நடத்தும் நீச்சல் வகுப்புக்கும் கோடைக்கால முகாமுக்கும் முதியோர் உடற்பயிற்சிக்கும் ஓர் இனத்தவர் திரளாக வருகிறார்கள். அதே தெருவில் வசிக்கும் இன்னோர் இனத்தவர் எட்டிப் பார்ப்பதில்லை. கருத்துக்கணிப்புத் தாளைக் கொடுத்தால் ‘ஆர்வமில்லை’ என்று குறித்துவிட்டுப் போகிறார்கள். இருக்கிற பொதுத் திட்டத்தையே வலுப்படுத்துவதா, வராதவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவதா, அல்லது அந்தப் பணத்தை அவர்களுடைய சங்கத்திடமே கொடுத்துவிடுவதா என்பதுதான் கேள்வி. மூன்று வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு, மூன்றிலும் வெளியில் தெரியாத செலவுகளும் உண்டு. ஆனால் அந்த ‘ஆர்வமில்லை’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் மூன்றில் எதைத் தேர்ந்தாலும் பணம் வீணாகும் என்பது என் கருத்து. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## ‘ஆர்வமில்லை’ என்றால் என்ன?

அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சிக்குத் தொடக்கப்புள்ளியாகப் பலரும் காட்டுவது ராண்டல் வாஷ்பர்ன் 1978இல் எழுதிய கட்டுரையை. கறுப்பினத்தவர் காட்டுப் பூங்காக்களுக்குக் குறைவாகவே வருவதற்கு இரண்டு விளக்கங்களை அவர் எதிரெதிராக வைத்தார். ஒன்று, ஏழ்மையும் வாகனமின்மையும் தூரமும் அவர்களைத் தடுக்கின்றன என்ற விளக்கம். இதை விளிம்புநிலைக் கருதுகோள் என்கிறார்கள். மற்றொன்று, ஒவ்வோர் இனத்தவருக்கும் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வழக்கமும் விருப்பமும் வேறுபடுகின்றன என்ற பண்பாட்டு விளக்கம். பிறகு வந்தவர்கள் இவற்றோடு மூன்றாவதாகப் பாகுபாட்டின் அனுபவத்தைச் சேர்த்தார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தை ஆராய்ந்து பேட்ரிக் வெஸ்ட் 1989இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கறுப்பினத்தவர் நகருக்குள் இருக்கும் பூங்காக்களை வெள்ளையரைவிட அதிகமாகவே பயன்படுத்தினார்கள், நகரின் புறத்தே இருந்த வட்டாரப் பூங்காக்களுக்குத்தான் போகவில்லை. பூங்கா பிடிக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. போக்குவரத்து ஒரு காரணம். அங்கே வரவேற்பு இராது என்ற எண்ணம் மற்றொரு காரணம்.

பண்பாட்டு விளக்கத்திலும் உண்மை இருக்கிறது. சிகாகோவின் ஏரிக்கரையில் நீண்டு கிடக்கும் லிங்கன் பூங்காவைப் பற்றிப் பால் காப்ஸ்டர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ வந்து நடப்பதும் ஓடுவதும் மிதிவண்டி ஓட்டுவதுமாக இருந்தார்கள். லத்தீன் அமெரிக்க, ஆசியக் குடும்பங்கள் தொலைவிலிருந்து பெருங்கூட்டமாக வந்து உட்கார்ந்து உண்டு பேசிப் பொழுதைக் கழித்தார்கள். பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில் அமர்வதுதான் பொழுதுபோக்கு என்று பழகியவர்களிடம், வயதுவாரியாகப் பிரித்த 45 நிமிட வகுப்புகளின் அட்டவணையை நீட்டினால் அவர்கள் ‘ஆர்வமில்லை’ என்று எழுதுவதில் வியப்பில்லை. அவர்கள் வேண்டாம் என்பது அந்த அட்டவணையை.

மூன்றாவது காரணத்துக்கு அமெரிக்க நீச்சல் குளங்களின் வரலாற்றைப் பார்த்தால் போதும். 1919 ஜூலை 27 அன்று சிகாகோவின் ஏரியில் மிதந்துகொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் யூஜின் வில்லியம்ஸ், கண்ணுக்குத் தெரியாத இன எல்லையைத் தாண்டிவிட்டான் என்று கல்லெறியப்பட்டு நீரில் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். நீதிமன்றங்கள் இனப் பிரிவினையை நீக்கச் சொன்னபோது மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் பூங்காக்களைத் திறந்துவிட்டது, நீச்சல் குளங்களை மட்டும் மூடிவிட்டது. கறுப்பினக் குழந்தையோடு ஒரே நீரில் இறங்குவதைவிட எல்லோருக்கும் குளம் இல்லாமற்போவதே மேல் என்ற இந்த முடிவை, 1971இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் செல்லும் என்றது.

இந்த வரலாறு இன்றைய புள்ளிவிவரத்தில் தெரிகிறது. அமெரிக்க நீச்சல் அறக்கட்டளையும் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீந்தவே தெரியாத அல்லது மிகக் குறைவாகவே தெரிந்த குழந்தைகள் கறுப்பினத்தவரில் 64 சதவீதம், லத்தீன் அமெரிக்கரில் 45 சதவீதம், வெள்ளையரில் 40 சதவீதம். பெற்றோருக்கு நீந்தத் தெரியாவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு 19 சதவீதம்தான் என்றும் அது சொல்கிறது. தாத்தாவைக் குளத்துக்குள் விடவில்லை. ஆகவே தாய்க்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. தாய்க்கு நீரைக் கண்டால் பயம். மகளின் பெயரை அவள் பதிவுசெய்யவில்லை. கணக்கெடுப்பவர் இதையும் மனப்பான்மை என்ற பத்தியில்தான் எழுதுவார்.

## எடைபோடும் அளவுகோல்கள்

மூன்று வழிகளையும் ஐந்து கேள்விகளால் எடைபோடுகிறேன். மேலே சொன்ன மூன்று காரணங்களில் எதை இந்த வழி தீர்க்கிறது? நேரத்தையும் பாடத்தையும் பயிற்றுநரையும் முடிவுசெய்வது யார்? வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படாத செலவு எது? சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? சில ஆண்டுகள் கழித்து அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்களா? ஐந்தும் சம எடையுள்ளவை அல்ல. முதற்கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மற்ற நான்கும் காகிதத்தோடு நின்றுவிடும்.

## முதல் வழி: எல்லோருக்கும் ஒரே திட்டம்

இதன் வலிமை வெளிப்படையானது. ஒரே அட்டவணை, ஒரே கட்டணம், ஒரே பதிவு முறை. யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று நகராட்சி துணிந்து சொல்லலாம். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, கூட்டரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பெயரால் ஒருவரை விலக்கக்கூடாது என்கிறது. சட்டச் சிக்கல் மிகக் குறைவாக இருப்பது இந்த வழியில்தான். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே குளத்தில் இறங்குவதும் பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பதிவு முறையில் இருக்கிறது. டொராண்டோவில் நகராட்சி வகுப்புகளுக்கான இணையப் பதிவு குறிப்பிட்ட நாளில் காலை 7 மணிக்குத் திறக்கும். பலரும் விரும்பும் நீச்சல் வகுப்புகள் நிமிடங்களில் நிரம்பிவிடும். முந்தியவருக்கே இடம் என்பது நடுநிலையான விதியாகத் தோன்றலாம். அந்த நாளை முன்கூட்டியே அறிந்தவர், கணக்குத் திறந்து வைத்திருப்பவர், ஆங்கிலத்தில் விரைவாகப் படிப்பவர், அந்நேரத்தில் தொழிற்சாலையில் நிற்காதவர் ஆகியோருக்கே அது நடுநிலையானது. இரவுப்பணி முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருக்கும் தாய்க்கு அது மூடிய கதவு.

கட்டணம்தான் தடை என்றால் இந்த வழியைக் கைவிட வேண்டியதே இல்லை. டொராண்டோ, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. குறிப்பிட்ட சில மையங்களில் எல்லா வகுப்புகளையும் இலவசமாகவே நடத்துகிறது. இவ்விரண்டில் இலவச மையமே மேல் என்பேன். சலுகை வேண்டுபவர் தம் ஏழ்மையைத் தாளில் எழுதி மெய்ப்பிக்க வேண்டும்; மானத்துக்கு அஞ்சும் குடும்பங்கள், குறிப்பாக ஊரில் ஓரளவு வசதியாக இருந்துவிட்டு அகதியாக வந்தவர்கள், அந்தத் தாளைத் தொடுவதற்கே தயங்குவார்கள். இலவச மையத்தில் யாரும் யாரிடமும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

## இரண்டாம் வழி: பொது மையத்துக்குள் தனி நேரம், தனி வகுப்பு

பண்பாட்டுக் காரணம் மெய்யானதாக இருக்கும் இடங்களில் இது வேலை செய்கிறது. டொராண்டோவின் ரீஜன்ட் பார்க் பகுதியில் 2012இல் திறக்கப்பட்ட நீச்சல் மையம் கண்ணாடிச் சுவர்களால் ஆனது. உள்ளே நீந்துவோரைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பெண்கள் மட்டும் நீந்தும் நேரத்தில் இறக்கிவிடுவதற்கான திரைகளும் அதில் உண்டு. அப்பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. திரையின் பயன் அவர்களோடு நிற்கவில்லை: உடலைக் காட்டக் கூச்சப்படும் எந்தப் பெண்ணும், எந்த இனத்தவராயினும், அந்த நேரத்தில் வரலாம். தேவையின் பெயரால் நேரத்தை ஒதுக்கினால் வாசல் அகலமாக இருக்கும். இனத்தின் பெயரால் ஒதுக்கினால் குறுகிவிடும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கனடாவின் உரிமைச் சாசனத்தில் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பின்தங்கிய குழுக்களின் நிலையை மேம்படுத்தும் சிறப்புத் திட்டங்களுக்கு இடம் தருகிறது. டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்திலும் அதற்கு இணையான பிரிவு உண்டு. அமெரிக்காவில் நிலம் இவ்வளவு உறுதியாக இல்லை. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், கடும் மதக் கட்டுப்பாடுள்ள ஹசிதிய யூதப் பெண்கள் பெரிதும் பயன்படுத்திவந்த பெண்கள் நீச்சல் நேரம் 2016இல் புகாருக்கு உள்ளாகி, ஊரெங்கும் விவாதமாகி, இறுதியில் நேரம் குறைக்கப்பட்டுத் தொடர்ந்தது. அமெரிக்கக் குழுக்களில் இருப்போர், வகுப்பின் மொழியையும் நேரத்தையும் உணவையும் ஒரு சமூகத்துக்கு ஏற்ப அமைத்துவிட்டு வாசலை எல்லோருக்கும் திறந்து வைப்பதே பாதுகாப்பானது.

மறைசெலவுகளில் முதலாவது ஆள். பெண்கள் நேரத்துக்குப் பெண் உயிர்காப்பாளர்களும் பெண் பயிற்றுநர்களும் வேண்டும். ஒருவர் விடுப்பெடுத்தால் அன்றைய வகுப்பே நின்றுவிடும். இரண்டாவது, யாருடைய நேரத்தை எடுத்து இவர்களுக்குத் தருகிறோம் என்பது. சனிக்கிழமை காலையைத் தந்தால் சண்டை வரும், செவ்வாய்க்கிழமை பிற்பகலைத் தந்தால் யாரும் வரமாட்டார்கள். அப்போது ‘கொடுத்தோம், அவர்கள் வரவில்லை’ என்று ஓர் அறிக்கை எழுதப்படும். பொய்யான ‘ஆர்வமின்மை’ பல இடங்களில் இப்படித்தான் உருவாகிறது என்பது என் ஐயம்.

மூன்றாவது செலவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தனித் திட்டத்துக்கு எந்தக் காரணத்தைச் சொல்லி நிதி கேட்கிறோமோ, அந்தக் காரணம் அந்தச் சமூகத்தின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். 1986இல் மேரிலாந்தின் கிளெனார்டன் நகரில் வான் ஸ்டான்டிஃபர் தொடங்கிய நள்ளிரவுக் கூடைப்பந்துப் போட்டிகள் இதற்குச் சான்று. இரவு 10 மணிக்கு மேல் இளைஞர்களைத் தெருவிலிருந்து விளையாட்டரங்குக்குள் அழைப்பது அதன் நோக்கம். அது நாடெங்கும் பரவியது. 1994இல் குற்றத்தடுப்பு மசோதா விவாதத்தில் ஒரு தரப்பு அதைக் குற்றத் தடுப்பு என்று புகழ, மறுதரப்பு வீண்செலவு என்று எள்ளியது. இரு தரப்பின் பேச்சிலும் கறுப்பின இளைஞன் அடக்கி வைக்கப்பட வேண்டிய ஆபத்தாகவே நின்றான். வெள்ளையர் புறநகரில் டென்னிஸ் வகுப்புக்கு நிதி கேட்பவர், பிள்ளைகள் திருடாமலிருக்க என்று எழுதுவதில்லை. தன்னைக் குற்றவாளியாக எண்ணி நடத்தும் வகுப்பு என்பதை ஓர் இளைஞன் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவான். பிறகு அவன் வராததற்கு மனப்பான்மையைக் குறை சொல்வதில் பொருளில்லை.

## மூன்றாம் வழி: சமூகத்தின் சங்கங்களுக்கு மானியம்

பாகுபாட்டின் நினைவு ஆழமாக உள்ள இடங்களில், நகராட்சியின் சின்னம் பொறித்த எந்த அழைப்பும் செல்லாது. தம்மவர் நடத்துகிறார்கள் என்றால் வருவார்கள். தமிழ் முதியோருக்கும் இது பொருந்தும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாகனம் ஓட்டாத, ஆங்கிலம் அதிகம் பேசாத ஒரு பாட்டிக்குப் பனிக்காலத்தில் வெளியுலகம் என்பது பெரும்பாலும் கோவிலும் முதியோர் மன்றமும்தான். அங்கே யோகாவும் கேரமும் பஜனையும் ஒரே காலைப்பொழுதில் கலந்திருக்கும். நகராட்சியின் அட்டவணையில் இம்மூன்றும் மூன்று துறைகளுக்குள் வரும்.

நேரமும் பாடமும் பயிற்றுநரும் சமூகத்தின் கையில் இருப்பது இந்த வழியின் பெரும்பலம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ‘சமூகம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் ஒரு பகுதிதான். சங்கத்தின் செயற்குழுவில் இருப்போரின் ஊர், சாதி, மதம், அரசியல் ஆகியவை யாரை உள்ளே அழைக்கின்றன, யாரை வாசலில் நிறுத்துகின்றன என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காப்பீடு, ஆண்டுத் தணிக்கை, குழந்தைகளோடு பழகும் தொண்டர்களுக்குக் காவல்துறைச் சான்று என்று எழுத்து வேலையும் குவியும். சிறிய சங்கங்களில் இவையெல்லாம் ஓய்வுபெற்ற ஒருவரின் தலையில் விழும். அவர் நோயுற்றால் திட்டமும் படுக்கும்.

கட்டடத்தை நடத்தும் செலவு வேறு. ஸ்கார்பரோவில் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்குக் கனடாவின் கூட்டரசும் ஒன்டாரியோ அரசும் சேர்ந்து 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் தருவதாக 2021இல் அறிவித்தன. தொகை பெரியது, மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இத்தகைய நிதி கட்டுவதற்குத்தான் வரும். கட்டியபின் ஆண்டுதோறும் சூடேற்றவும் துப்புரவு செய்யவும் பழுது பார்க்கவும் ஆகும் பணத்தை மையத்தை நடத்துவோரே தேடவேண்டும். மானியம் கேட்கும் எந்தச் சங்கமும் முதல் ஆண்டின் கணக்கோடு ஐந்தாம் ஆண்டின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நகராட்சியின் பக்கம் இருக்கிறது. பொதுப்பணியைத் தனி அமைப்பிடம் கைமாற்றிவிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவிய வரலாறு அமெரிக்காவில் உண்டு. ஜாக்சனில் மூடப்பட்ட குளங்களில் ஒன்று ஒரு கிறித்தவ இளைஞர் சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. நகரம் குத்தகையைக் கைவிட்டதும் அக்குளம் வெள்ளையருக்கு மட்டுமாக நடந்தது. அலபாமாவின் மான்ட்காமரியில் பொழுதுபோக்குப் பணிகள் குறித்து அத்தகைய சங்கத்தோடு நகரம் செய்துகொண்ட மறைமுக ஒப்பந்தத்தை 1970இல் நீதிமன்றம் கண்டித்தது. சிறுபான்மைச் சங்கத்துக்கு மானியம் தருவதும் இதுவும் ஒன்றல்ல, நோக்கமே வேறு. ஆயினும் ‘உங்கள் ஆட்களுக்குத்தான் பணம் கொடுத்துவிட்டோமே’ என்று சொல்லிப் பொது மையத்தைத் திருத்தாமல் விடும் வழுக்கல் இரண்டிலும் உண்டு.

## மூன்றும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | பொதுத் திட்டம் | தனி நேரம் | சங்கத்துக்கு மானியம் |
|---|---|---|---|
| எந்தக் காரணத்தைத் தீர்க்கும்? | பணம், தூரம் (கட்டணம் நீங்கினால்) | உடை, பாலினம், மொழி, உணவு | அவநம்பிக்கை, தனிமை |
| முடிவு செய்பவர் | நகராட்சி | நகராட்சி, கலந்தாலோசித்தால் இருவரும் | சங்கத்தின் செயற்குழு |
| மறைசெலவு | பதிவுப் போட்டியில் விடுபடுவோர் | பெண் பணியாளர், நேரச் சண்டை, முத்திரை குத்தப்படுதல் | காப்பீடு, தணிக்கை, ஐந்தாம் ஆண்டுச் செலவு, உள்விலக்கம் |
| சட்டம் | சிக்கல் குறைவு | கனடாவில் இடமுண்டு, அமெரிக்காவில் கவனம் தேவை | ஒப்பந்த விதிகளைப் பொறுத்தது |
| அண்டை வீட்டார் அறிமுகம் | அதிகம் (வந்தால்) | நடுத்தரம் | குறைவு |

## நான்காவதாக ஒன்று உண்டா?

சிங்கப்பூர் இம்மூன்றையும் ஒரு கூரையின் கீழ் வைத்திருக்கிறது. 1960இல் அமைக்கப்பட்ட மக்கள் கழகம் நடத்தும் சமூக மன்றங்கள் எல்லா இனத்தவருக்கும் பொது. அவற்றுக்குள்ளேயே மலாய்ச் செயற்குழுக்களும், இந்தியர்களுக்கு நற்பணிச் செயற்குழுக்களும் இயங்குகின்றன. இந்தியச் செயற்குழுக்களை ஒருங்கிணைக்கும் நற்பணிப் பேரவை அங்குள்ள தமிழர்களுக்குப் பழகிய பெயர். பொங்கல் விழாவைத் திட்டமிடுவது இந்தியக் குழு. நடப்பது சீனரும் மலாய்க்காரரும் மேசைப்பந்து ஆடும் அதே கட்டடத்தில். முத்திரையும் தனிமையும் இதில் குறைகின்றன. ஆனால் இது அரசு நிறுவனத்தின் கட்டமைப்பு. நகர மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக் குறைக்கும் வட அமெரிக்க நிதியில் இதை அப்படியே பெயர்த்து நட முடியாது. செயற்குழுவுக்கு அறையையும் சிறு நிதியையும் அட்டவணையில் உறுதியான இடத்தையும் தருவது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

## எந்தச் சூழலில் எது?

வராதவர்கள் ‘கட்டணம் அதிகம்’, ‘பேருந்து இல்லை’, ‘பதிவு எப்போது என்றே தெரியவில்லை’ என்கிறார்களா? பொதுத் திட்டத்தை விட்டு நகராதீர்கள்; கட்டணத்தை நீக்கி, பதிவில் ஒரு பங்கு இடத்தை அந்தத் தெருக்களில் வசிப்போருக்கு நேரில் பதிய ஒதுக்குங்கள். ‘அந்த உடையில் ஆண்கள் முன்னால் நீந்தமாட்டேன்’, ‘அம்மாவையும் கூட்டிவர முடியாதே’ என்கிறார்களா? இரண்டாம் வழிதான், அதுவும் சனி, ஞாயிறு நேரத்தோடு. எந்தக் காரணத்தையும் சொல்லாமல் தாளை மடித்துத் தந்துவிட்டுப் போகிறார்களா? அங்கே மூன்றாம் வழியை எண்ணலாம். ஆனால் மானியத்தை மூன்றாண்டுக்குக் குறையாமல் தந்து, அந்தச் சங்கத்தின் ஒருவருக்காவது பொது மையத்தின் நிர்வாகக் குழுவில் வாக்குரிமையுள்ள இருக்கையும் தரவேண்டும்.

நீச்சலை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து பிரித்து வைப்பேன். கேரம் ஆடத் தெரியாத பிள்ளை சாகாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் கணக்குப்படி 10 முதல் 14 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் அதே வயது வெள்ளையர் குழந்தைகளைவிட 7.6 மடங்கு. ஆகவே நீச்சலில் விருப்பம் உண்டா என்று கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளி நேரத்தில் வகுப்பறையிலிருந்தே குழந்தைகளைக் குளத்துக்கு அழைத்துச் சென்றால் கட்டணமும் பதிவும் பெற்றோரின் பயமும் ஒருசேரக் கடக்கப்படுகின்றன. அதன்பின், நீரைக் கண்டு அஞ்சும் தாய்மார்களுக்கென்று இடுப்பளவு நீரில் ஒரு மாலை நேர வகுப்பைத் திரையிட்டு நடத்தலாம். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு வருபவர்கள் அதில் இருப்பார்கள்.